தடுமாறுவோரை நிலைநிறுத்தல்: இளையோர் மனநெருக்கடியில் துணைநிற்கும் பணி

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மகாவீரப் பெருமானின் பிறந்தநாள் பங்குனி, சித்திரையில் வருகிறது. அடுத்த சில வாரங்களில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வும் அடுத்தடுத்து வருகின்றன. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நிலத்தையும் ஜினாலயத்தையும் விட்டு, வேலையும் படிப்பும் தேடி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, வானகரம் எனக் குடியேறிய குடும்பங்களுக்கு இந்த வாரங்கள் மிகக் கடினமானவை. பிள்ளைகளின் படிப்புக்காகவே ஊரை விட்டு வந்தவர்கள் இவர்கள். ஆகவே, அந்தப் படிப்பு தடுமாறும்போது வீடு முழுவதும் தடுமாறுகிறது. அத்தகைய வேளையில் இளையோருக்குத் துணைநிற்பதையே தொழிலாகவும் தொண்டாகவும் கொண்டவர்களின் பணியைப் பற்றிப் பேசுவது இவ்விழாவுக்குப் பொருந்தாதது அன்று. உயிரைக் காப்பதற்கு முற்பட்ட அறம் சமணத்தில் இல்லை.

முதலில் சில எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இரண்டாவது இடம். காரணங்கள் என்று பதிவானவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்பச் சிக்கல்கள். தேர்வுத் தோல்வி செய்தித்தாளில் பெரிதாக வருகிறது. ஆனால் அந்தத் தோல்வி வீட்டில் எவ்வாறு வாங்கிக்கொள்ளப்படுகிறது என்பதே பல நேரங்களில் பிள்ளையின் நிலையை முடிவு செய்கிறது. ஒரே காரணத்தால் எவரும் இந்த நிலைக்கு வருவதில்லை. நெடுநாள் மனச்சோர்வு, தூக்கமின்மை, அவமானம், தனிமை, வீட்டுச் சண்டை எனப் பல சேர்ந்து, கடைசியாக ஒன்று மேலே விழுகிறது. விழுந்த அந்த ஒன்றை மட்டுமே ஊர் காண்கிறது.

இப்பணி எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அன்று. இப்பணியாளர்கள் அடிக்கடி சந்திக்கும் நிலையின் வடிவம் மட்டுமே.

வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு பதினொரு மணி. புறவழிச் சாலையில் லாரிகளின் ஓசை. பதினேழு வயது மகன் அறையைத் தாழிட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் ஆகிறது. பதில் மட்டும் வருகிறது, கதவு திறக்கவில்லை. "இனிமேல் என்னால் உங்களுக்குத் தொல்லை இருக்காது" என்று மாலையில் அவன் சொன்ன சொல் தாயின் நெஞ்சில் உறுத்துகிறது. தந்தை கதவைத் தட்டித் தட்டிக் கோபப்பட்டு ஓய்ந்துவிட்டார். தாய் உதவி எண்ணை அழைக்கிறார்.

மறுமுனையில் இருப்பவர் முதலில் தாயின் மூச்சை நிலைப்படுத்துகிறார். "அம்மா, நீங்கள் அழைத்தது சரி. இப்போது தட்டுவதை நிறுத்திவிட்டு, கதவருகே அமர்ந்து, நான் இங்கேயே இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார். பிறகு, முடிந்தால் பையனிடமே பேசுகிறார். "தம்பி, பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசத் தோன்றும்வரை காத்திருக்கிறேன்." அறிவுரை இல்லை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்ற கேள்வி இல்லை. உன் பெற்றோர் உனக்காக எவ்வளவு பாடுபட்டார்கள் என்ற நினைவூட்டல் அறவே இல்லை. தான் ஒரு சுமை என்று நம்புகிறவனுக்கு அது மேலும் ஒரு சுமை.

பையன் பேசத் தொடங்கியபின், பயிற்சி இல்லாதவர் கேட்க அஞ்சும் கேள்வியைப் பணியாளர் கேட்கிறார்: "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா, தம்பி?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு. அந்த அச்சம் தவறு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நேராக, கனிவாகக் கேட்பது எண்ணத்தை ஊட்டுவதில்லை. பூட்டிக் கிடந்ததைத் திறக்கிறது. எண்ணம் இருக்கிறது என்றால், வெறும் எண்ணமா, திட்டமா, வழி கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா, முன்பு எப்போதேனும் முயன்றது உண்டா என்று ஒவ்வொன்றாக அறிகிறார். அந்த விடைகளைப் பொறுத்தே அடுத்த அடி: அந்த இரவே மருத்துவமனையா, விடியும்வரை பெற்றோருள் ஒருவர் உடனிருந்தால் போதுமா, நாளைக் காலை மருத்துவரா.

இந்த நெருக்கடி பெரும்பாலும் ஓர் அலை போன்றது. உயர்ந்து, உச்சம் தொட்டு, தாழ்கிறது. உச்சத்தில் இருப்பவனுக்கு அது என்றும் தாழாது என்றே தோன்றும். அந்தச் சில மணி நேரம் அவனைத் தனியே விடாமலும், தீங்கு செய்யும் பொருள் அவன் கைக்கு எட்டாமலும் காப்பதே இப்பணியின் முதற்கூறு. அலை தாழ்ந்தபின் ஒரு தாளில் அவனே எழுதுகிறான்: எண்ணம் மீண்டும் வருவதற்கான அறிகுறி எது, அப்போது தானே செய்யக்கூடியது எது, யாரை அழைப்பது, எந்த எண்ணை அழைப்பது, வீட்டில் எதை அகற்றி வைப்பது. பாதுகாப்புத் திட்டம் என்று பெயர் பெற்ற அந்த ஒற்றைத் தாள் பல உயிர்களைக் காத்திருக்கிறது.

இப்பணி உலகில் எப்படித் தொடங்கியது என்பதும் அறியத்தக்கது. 1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் முதன்முதலாக நடத்திய இறுதிச் சடங்கு பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பூப்பெய்தியதைக் கொடுநோய் என்று எண்ணி அஞ்சி, கேட்பதற்கு ஒருவரும் இல்லாமல் அவள் உயிர்விட்டாள். அந்தச் சிறுமியை அவர் மறக்கவில்லை. 1953இல் இலண்டனில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார். வந்தவர்களில் பலர் அவருடைய அறிவுரைக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே, தேநீர் கொடுத்துப் பேச்சுக் கேட்ட தொண்டர்களிடம் மனம் ஆறித் திரும்பினார்கள் என்பதை அவர் கண்டார். கேட்பதே மருந்தாகும் என்ற அந்த அறிவின்மேல்தான் இன்றைய உதவி எண்கள் நிற்கின்றன.

சென்னையில் அந்த வழியை 1986இல் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். அவர் நிறுவிய சிநேகா அமைப்பில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஊதியம் இன்றிச் செவிகொடுக்கிறார்கள். அழைப்பவரின் பெயரைக் கேட்பதில்லை; சொன்னதை வெளியே சொல்வதில்லை. தேர்வு முடிவு வரும் நாள்களில் தோல்வியுற்ற மாணவர்களின் அழைப்புகள் பெருகுவதை இத்தகைய தொண்டர்கள் நன்கறிவார்கள். தோல்வியுற்றவர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திராமல், சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இன்று உள்ளது. ஓராண்டு வீணாயிற்று என்ற ஒரு சொல்லை அகற்றும் நிர்வாக ஏற்பாடும் உயிர் காக்கும் பணியே.

சென்னைக்குப் பெருமை தரும் மற்றொரு செய்தி. உலகச் சுகாதார நிறுவனம் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியாவில் அதற்குரிய இடம் சென்னை. உயிரை மாய்க்க முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ, "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற விசாரிப்பும். 2008இல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் 18 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தனர், விசாரிப்பும் பெற்றவர்களுள் இருவர். விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லை. புதிய மருந்து ஏதும் இல்லை. ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு அழைத்தார், அவ்வளவே.

அவையோர்க்கு இது புதிதன்று. நற்காட்சியின் எட்டு அங்கங்களைச் சிறு வயதிலேயே கற்றவர்கள் சமணர்கள். அருங்கலச்செப்பு படித்தவர்கள் அவற்றை வரிசையாகச் சொல்வார்கள். அவற்றுள் நான்கு இப்பணிக்கென்றே வகுத்தவை போல உள்ளன.

நிர்விசிகித்சை என்னும் உவர்ப்பின்மை. நோயுற்ற முனிவர் தம்மேல் வாந்தி எடுத்தபோதும் முகம் சுளியாமல் தூய்மை செய்து பணிந்தார் உத்தாயண மன்னர். உடல் நோயில் அருவருப்பு கூடாது என்று அறிந்த சமூகம், மன நோயில் அருவருப்புக் காட்டலாமா? சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. 1794 முதல் நோயாளிகளுக்கு நிழல் தந்த ஒரு மருத்துவமனையின் பெயர் அது. அந்தக் கேலி வீட்டில் ஒரு முறை ஒலித்தால், அங்கே துன்புறும் பிள்ளை அதன்பின் வாய் திறவான்.

உபகூஹனம் என்னும் பழி மறைத்தல். ஜினேந்திரபக்தர் என்ற வணிகர், வேடதாரி ஒருவன் ஆலயத்து மணியைத் திருடி ஓடியபோது, காவலர் முன்னிலையில் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. தனியே அழைத்துக் கடிந்து திருத்தினார். பலர்முன் காத்து, தனியே திருத்துவது அந்த அறத்தின் முறை. பணியாளர் காக்கும் இரகசியம் அதுவே. ஆனால் இந்த அங்கத்தைத் தவறாகக் கொள்வோரும் உண்டு. ஊருக்குத் தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படும் என்று பிள்ளையின் நோயை மருத்துவரிடமிருந்தே மறைப்பது உபகூஹனம் அன்று. தமிழ்ச் சமணர் தொகை சிறிது. ஒரு வீட்டுச் செய்தி ஒரு வாரத்தில் மேல்சித்தாமூர்வரை போகும் என்ற அச்சம் பொய்யன்று. அதனால்தான் பேச்சை அடக்கவேண்டியவர்கள் ஊராரே. சிகிச்சையை அடக்கவேண்டியவர் நோயுற்றவர் அல்லர்.

ஸ்திதீகரணம் என்னும் நிலைநிறுத்தல். துறவு பூண்டும் இல்லத்தை நினைந்து தடுமாறிய தோழரை வாரிசேண முனிவர் பழிக்கவில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்தவற்றைக் காட்டி, அவர் மனம் தானே நிலைபெறச் செய்தார். தடுமாறுபவனுடன் நடந்து செல்வதே நிலைநிறுத்தல். நின்ற இடத்திலிருந்து கூவுவது அன்று.

வாத்சல்யம் என்னும் பேரன்பு. பசு கன்றை நாடுவது போன்றது அது. கன்று மதிப்பெண் பெற்றதா என்று பசு பார்ப்பதில்லை.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்ப்பது கடமை. சல்லேகனையைப் போற்றும் சமயம் தற்கொலையைப் பற்றி என்ன சொல்லும் என்று பிற சமயத்தார் கேட்பதுண்டு; சில வேளை வீட்டுப் பிள்ளைகளும் கேட்பதுண்டு. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பிட்டுத் தடை செய்ததும், அதே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் இவ்விரண்டின் வேறுபாட்டை என்றோ தெளிவாக்கிவிட்டார். ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றின் வேகத்தில் உயிரை அழிப்பது இம்சை. தவிர்க்க இயலாத மூப்பிலோ தீரா நோயிலோ, குருவின் இசைவோடு, அனைவரிடமும் பொறை வேண்டி, கலக்கம் நீங்கி மேற்கொள்வது சல்லேகனை. பதினேழு வயதுப் பிள்ளை இருளில் தனியே எடுக்கும் முடிவுக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பு இல்லை. துன்ப வேகத்தில் இருப்பவனைத் தடுப்பது அவனுடைய அறத்தில் குறுக்கிடுவதாகாது. அவன் உயிருக்கு அபயம் தருவதாகும்.

இதனோடு ஒட்டிய மற்றொன்று உண்ணா நோன்பு. தசலக்ஷண நாள்களில் இளையோர் நோன்பு இருப்பது பெருமைக்குரியது. எனினும் விழா முடிந்தும் உணவை வெறுப்பது, உடல் மெலிவதை மறைப்பது, பேச்சும் சிரிப்பும் குறைவது ஆகியவை நோன்பின் அடையாளங்கள் அல்ல. நோயின் அடையாளங்களாக இருக்கலாம். பாராட்டும் வாய் சற்று உற்று நோக்கும் கண்ணாகவும் இருக்கட்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டிய குறிகள் சில: தூக்கம் தலைகீழாவது, நெடுநாள் விரும்பியதில் விருப்பம் அறுவது, தான் பாரம் என்று சொல்வது, அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, நெடுநாள் கலக்கத்துக்குப்பின் காரணம் தெரியாத திடீர் அமைதி. இவற்றுள் ஒன்று கண்டாலும், "சும்மா சொல்கிறான்" என்று தள்ளவேண்டாம். சொல்கிறவர்கள் செய்யமாட்டார்கள் என்பது உயிர்களை இழக்கச் செய்த பொய் நம்பிக்கை. வீட்டில் மருந்துப் பெட்டி பூட்டில் இருக்கட்டும். ஊரில் நிலம் உள்ளவர்கள் பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலை விகிதம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து பெருமளவு வீழ்ந்தது. வழி கைக்கெட்டாதபோது பலர் வேறு வழி தேடுவதில்லை, அலை கடந்துவிடுகிறது.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் இனி வேண்டாம். முயன்று பிழைத்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வழக்கு வரும் என்று தயங்கிய காலம் ஒன்று இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் கூறுகிறது. தயக்கத்தில் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு எதிரானது.

இறுதியாக, இப்பணியைச் செய்பவர்களைப் பற்றி. மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர், பயிற்சி பெற்ற தொண்டர் எனப் பல நிலையினர் இதில் உள்ளனர். சமூகத்தின் இளைஞர்கள் பொறியியலையும் மருத்துவத்தையும் மட்டுமே படிப்பாக எண்ணுகிறார்கள்; இந்தத் துறைக்கும் ஆள் தேவை. ஆனால் எளிய பணி என்று எண்ணி வரவேண்டாம். நள்ளிரவில் அழைப்பைத் துண்டித்துவிட்ட குரல் என்ன ஆயிற்று என்பது பணியாளருக்குப் பல நேரம் தெரியாமலே போகும். எல்லாரையும் காக்க இயலாது. இழப்பு நேர்ந்த மறுநாளும் அவர் வந்து அமர்ந்து அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். அதனால்தான் நல்ல மையங்களில் பணியாளர்கள் தனியே விடப்படுவதில்லை. மூத்தவர் ஒருவரிடம் அன்றன்று மனத்தை இறக்கி வைப்பது அவர்களுக்கு விதி. தன் முயற்சி தன்னுடையது, முடிவு முழுதும் தன் கையில் இல்லை என்ற தெளிவு அவர்களைக் காக்கிறது. வினைக் கொள்கை கற்றவர்க்கு அது எளிதில் விளங்கும். ஆனால் அதையே சொல்லித் துன்புறுவோரிடம் "உன் வினை" என்பவர் அக்கொள்கையைக் கற்றவர் அல்லர். வினைக் கொள்கை தன்னைத் திருத்திக்கொள்ள வந்தது. பிறரைக் கைவிட வந்தது அன்று.

பிள்ளையை இழந்த வீடுகளும் இச்சமூகத்தில் இருக்கலாம். அவர்களிடம் காரணம் கேட்கவேண்டாம். குற்றம் யாருடையது என்று பேசவேண்டாம். பதினாறாம் நாளுக்குப்பின் ஊர் கலைந்துவிடும். அதன்பின்னரே அந்தத் தாய்க்கு ஆள் தேவை. சென்னை ஆய்வு காட்டிய அதே ஒன்பது விசாரிப்புகளை அங்கேயும் செய்யலாம்.

கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டிய எண்கள் இவை. மத்திய அரசின் டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டரசின் மருத்துவ உதவி எண் 104. சிறுவர்களுக்கு 1098. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. இந்த எண்களை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "உனக்கு ஏதோ குறை என்பதற்காக அல்ல, உன் தோழன் ஒருவன் தடுமாறினால் நீ உதவுவதற்காக" என்று சொல்லுங்கள். தனக்குத் தேவைப்படும்போதும் அது அவன் நினைவுக்கு வரும்.

இவ்வாண்டு தேர்வு முடிவு வரும் காலையில், வானகரத்திலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும், ஊரில் உள்ள வீடுகளிலும், மதிப்பெண்ணைக் கேட்குமுன் தாய் தந்தையர் ஒரு சொல் சொல்லட்டும்: "எது வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, வா, முதலில் சாப்பிடு." அபய தானம் என்பது அன்று அந்த வீட்டில் அந்தச் சொல்லே.

எவ்வுயிர்க்கும் நலம் உண்டாகுக. அருகன் அறம் வாழ்க!